குமரேசன் இறங்கிய படிகள்

எங்கள் பிசியோதெரபி சங்கம் போடும் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று இரண்டு பெண்கள் வீடு தேடி வந்தார்கள். நான் வேலை பார்த்த அதே பகுதியில் இப்போது வேலை பார்க்கிறவர்கள். "உங்க கையால நடக்க ஆரம்பிச்சவங்களைப் பத்தி எழுதுங்க மேடம்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று கேட்டாள். தசை தேயும் நோய் வந்த பிள்ளைகளுக்குப் படி இறங்கும் பயிற்சி கொடுக்கவே கூடாது என்று இப்போது முதல் வருடத்திலேயே சொல்லித் தந்துவிடுகிறார்களாம். உங்கள் காலத்தில் இது தெரியுமா என்றாள். தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் நடக்க வைத்தவர்கள் எங்கேயாவது நடந்துகொண்டிருப்பார்கள், அவர்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? செருப்பு மாட்டும்போது கேட்ட கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்னையில் விடுதியில் தங்கி, தசைகளின் பெயர்களை உருப்போட்டு, பிணத்தின் கையை அறுத்துக் காட்டியபோது மயங்கி விழுந்து, தேறி, எழுபதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். எங்கள் பகுதி கட்டடத்தின் கடைக்கோடியில் இருந்தது. நீளமான ஓர் அறை. பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு இரும்புக் கம்பிகள், ஒத்தடத்துக்கு மெழுகு உருக்கும் தொட்டி, நாலு படி ஏறி நாலு படி இறங்க ஒரு மரப்படிக்கட்டு, ஆளுயரக் கண்ணாடி. போலியோ வந்த பிள்ளைகள், லாரி கவிழ்ந்து தொடை முறிந்தவர்கள், போர் போடும் ரிக் வண்டியில் குழாய் விழுந்து தோள் நசுங்கியவர்கள் என்று காலையிலிருந்து கூட்டம் இருக்கும். எல்லோரும் என்னை டாக்டரம்மா என்று கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை. முதல் மாதம் திருத்திச் சொன்னேன். அப்புறம் விட்டுவிட்டேன், கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அந்த நாளில் நான் நம்பியது ஒன்றே ஒன்றுதான். தசைக்கு வேலை கொடு, தசை வளரும். அழுகிற பிள்ளைகளின் அம்மாக்களிடம், செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவரின் பிடரியைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்பேன். வலிக்கிறது என்று சொன்னால், வலித்தால்தான் வேலை நடக்கிறது என்று அர்த்தம் என்பேன். கம்பியைப் பிடித்து நின்ற பிள்ளை ஒரு நாள் கம்பியை விட்டுவிட்டு இரண்டடி வைக்கும்போது, அந்த அம்மாக்கள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இப்படிப் பத்துப் பேர் செய்தால் யாருக்கும் தலை கொஞ்சம் வீங்கும். எனக்கு நன்றாகவே வீங்கியிருந்தது.

எங்கள் எலும்புப் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் நடேசன். ஒல்லியான மனிதர், குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. நோயாளி உள்ளே வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், செருப்பைக் கழற்றி வாங்கிப் பார்ப்பார். குதிகால் தேய்ந்திருக்கிறதா, பெருவிரல் பக்கம் தேய்ந்திருக்கிறதா, ஒரு செருப்பு மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் "நடந்து காட்டுங்க" என்பார். அடுத்தவர் செருப்பைக் கையில் எடுக்கும் டாக்டரைப் பார்த்துக் குடியானவர்கள் கூசிப்போவார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அவருக்கு உண்டு. இந்தப் பழக்கத்தை நான் அவருடைய பலவீனம் என்று எடுத்துக்கொண்டேன்.

எழுபதுகள் முடியப்போகிற சமயத்தில் குமரேசன் வந்தான். எட்டு வயது. நாமக்கல்லுக்குத் தெற்கே, கிணறும் தோட்டமுமாக வசதியான குடும்பம். கூட வந்தவர்கள் இரண்டு பேர். அம்மா பழனியம்மாள் வாழப்பாடிப் பக்கத்துப் பெண், சுவரோரம் நின்றாள். பேசியதெல்லாம் மாமியார்தான்.

"பாருங்க டாக்டரய்யா, கெண்டக்காலு எப்படி உருண்டு கெடக்குதுன்னு. பாலும் நெய்யுமா ஊத்தி வளத்தறமுங்க. ஆனா கீழ உக்காந்தா எந்திரிக்கறதுக்குத்தான் இந்தப் பாடு படறானுங்க."

டாக்டர் செருப்பைப் பார்த்தார். இரண்டு செருப்பிலும் முன்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது, குதிகால் புதுசாகவே இருந்தது. பையனைத் தரையில் உட்கார வைத்து எழுந்திருக்கச் சொன்னார். அவன் நேராக எழவில்லை. குப்புறத் திரும்பி, கைகால் நான்கையும் ஊன்றி, பிட்டத்தைத் தூக்கினான். பிறகு கையைக் கணுக்காலில் வைத்தான், முழங்காலில் வைத்தான், தொடையில் வைத்தான். ஏணியில் ஏறுகிற மாதிரி தன் காலைப் பிடித்துத் தானே மேலே வந்து நின்றான். நின்றதும் எங்களைப் பார்த்துச் சிரித்தான். இதை ஒரு வித்தை என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

டாக்டர் மாமியாரிடம் சீட்டைக் கொடுத்து, முன்வாசலில் முத்திரை போட்டு வரச் சொன்னார். அந்தச் சீட்டுக்கு முத்திரை தேவையே இல்லை. அந்த அம்மாள் வெளியே போனதும் பழனியம்மாளிடம் மெதுவாகக் கேட்டார். "உங்ககூடப் பிறந்தவங்கள்ல யாருக்காவது இப்படி இருந்ததாம்மா?"

அவள் வாசலைப் பார்த்தாள். "எங்கண்ணனுக்கு சார். பதினாலு வயசுல செத்துட்டான். இங்க யாருக்கும் தெரியாது."

டாக்டர் அதை எழுதவில்லை. சாயங்காலம் என்னிடம் விளக்கினார். இது தாய்வழியாக ஆண் பிள்ளைக்கு வருவது. பத்துப் பதினொரு வயதில் நடை நின்றுபோகும், அப்புறம் கை, அப்புறம் மூச்சு. மருந்து கிடையாது. "அண்ணன் விஷயம் அந்த வீட்டுக்குத் தெரிஞ்சா அந்தப் பொண்ணை வச்சிருக்க மாட்டாங்க. கேஸ் ஷீட்ல வேண்டாம்" என்றார். எனக்குக் கொடுத்த வேலை சின்னது. பையனின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, அவன் பாதத்தை என் முன்கையோடு சேர்த்து வைத்து, மெல்ல மேல்நோக்கி அழுத்தி, இருபது எண்ணும்வரை பிடித்திருக்க வேண்டும். பின்னங்கால் தசைநார் சுருங்காமல் இருக்க. அவ்வளவுதான்.

"வலு ஏத்துற பயிற்சி வேண்டாம்" என்றார்.

"ஏன் சார்?"

"தெரியல. நான் பார்த்த வரைக்கும், கஷ்டப்படுத்தினா சீக்கிரமா போயிடுது."

தெரியவில்லை என்கிறவர் சொல்வதை எதற்குக் கேட்க வேண்டும்? நேராக இப்படி நான் நினைக்கவில்லை. ஆனால் நடந்துகொண்டது இப்படித்தான்.

அடுத்த மாதம் பழனியம்மாள் பையனோடு தனியாக வந்தாள். திருச்செங்கோட்டு மலைக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறதாம். கல்யாணமாகி ஆறு வருடம் பிள்ளையில்லாமல் இருந்தபோது மாமியார் வேண்டிக்கொண்டது. ஆண் பிள்ளை பிறந்தால் விவரம் தெரிகிற வயதில் அவன் சொந்தக் காலில் மலையேறி வர வேண்டும். இத்தனை நாளாக அது முடியவில்லை. அதனால்தான் பிள்ளையின் காலைச் சாமி பிடித்து வைத்திருக்கிறது என்று மாமியார் நம்பினார். வைகாசித் தேருக்குள் பையன் ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஏறாவிட்டால், பழனியம்மாளின் கணவருக்கு வேறு பெண் பார்ப்பது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"நீங்க எத்தனை பேரை நடக்க வச்சிருக்கீங்க. இவன் அந்த ஒரு நாள் ஏறிட்டா போதும் டாக்டரம்மா. நான் அந்த வீட்ல இருந்துடுவேன்" என்றாள்.

டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கை என் கையில் இருக்கிறது என்ற நினைப்பு எனக்கு இனித்தது. வாரம் இரண்டு நாள் வரச் சொன்னேன். மூன்று மாதம் அந்த மரப்படியில் அவனை ஏற்றி இறக்கினேன். முதல் நாள் நாலு முறை, பிறகு எட்டு, பிறகு பன்னிரண்டு. பயிற்சிக்கு மறுநாள் காலெல்லாம் கல்லாக இறுகி வலிக்கிறது என்று பழனியம்மாள் சொன்னாள். நல்லது என்றேன். உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன். பையனுக்கு அழுகையே கிடையாது. "இன்னொருக்கா ஏறட்டுங்களா?" என்று அவனே கேட்பான். இடுப்பை வளைத்து, கையால் தொடையைத் தள்ளி ஏறும் தந்திரத்தில் தேறிவிட்டான். தந்திரம் தேறியதை வலு ஏறியதாக நான் குறித்து வைத்தேன்.

தேருக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மலையடிவாரத்தில் கூடினோம். பையன், பழனியம்மாள், அவள் கணவர் முத்துசாமி, மாமியார், நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானாகத்தான் போனேன், என் பையன் ஏறுவதைப் பார்க்க. ஆயிரத்துக்கு மேல் படி. வழியில் மண்டபம் மண்டபமாக உட்கார்ந்தோம். கல்லில் செதுக்கிய பெரிய பாம்பின் முதுகைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவன் அப்பா, கையை மட்டும் கொடுத்தோம். தூக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், குமரேசன் உச்சிக்கு வந்து சேர்ந்தான். மாமியார் தரையில் விழுந்து கும்பிட்டு அழுதார். முத்துசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். பழனியம்மாள் அழவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் நேராக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மலைக்குப் பின்பக்கமாக உச்சிவரை ரோடு உண்டு. முத்துசாமியின் தம்பி லாரி வைத்திருப்பவர், அவர் ஒரு வாடகைக் காரோடு மேலேயே வந்து காத்திருந்தார். சாமி கும்பிட்டு முடிந்ததும் முத்துசாமி சொன்னார்: "ஏறியாச்சுங்கம்மா, வேண்டுதல் முடிஞ்சுது. பையன் ரொம்ப சோந்துட்டான், கார்ல போயிறலாம்."

மாமியாருக்கு மனம் ஒப்பவில்லை. "ஏறி எறங்கறதுதானப்பா மொறை" என்று இழுத்தார். ஆனாலும் பேரன் முகத்தைப் பார்த்து இளகிப்போயிருந்தார். என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, நீங்க படிச்சவீங்க. நீங்க சொல்லுங்க. கார்ல போயிறட்டுங்களா?"

ஒரு சொல்தான் கேட்டார். போகலாம் என்றால் போயிருப்பார்கள்.

"ஏறினவனுக்கு இறங்கறது என்ன பெரிய காரியம்? இறங்கறதுக்கு வலுவே வேண்டாம். நடக்கட்டும், அதுவும் பயிற்சிதான்" என்றேன். நான் நினைத்தது வேறு. மேலே ஏறி, காரில் இறங்கினால் பாதி வெற்றி. கீழே ஊர் ஜனம் பார்க்க அவன் நடந்து வந்து சேர வேண்டும் என்று எனக்கு ஆசை.

இறங்கினோம். முதல் நூறு படி சரியாக வந்தான். பிறகு ஒவ்வொரு படிக்கும் முழங்கால் சட்டென்று மடிந்தது. நான் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பாதி தூரத்தில் தொடை இரண்டும் தடதடவென்று ஆட ஆரம்பித்தன. "காலு நான் சொல்றதக் கேக்க மாட்டீங்குதுங்க" என்றான். கேட்கும், நீ சொல்லு என்றேன். அவனும் சொன்னான். "எறங்கு, எறங்கு" என்று தன் காலிடம் சொல்லிக்கொண்டே இறங்கினான். கீழே வீதி தெரிகிற இடத்தில், இன்னும் நாற்பது ஐம்பது படி இருக்கும், அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டான். யாரையும் கேட்காமல் பழனியம்மாள் குனிந்து அவனை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. அடிவாரத்தில், எல்லோரும் கேட்க, "இவ்வளவு தூரம் வந்து கடைசியில கெடுத்துட்டியேம்மா" என்றேன். மாமியார் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் காரில் போட்டுக் கொண்டுவந்தார்கள். கெண்டைக்கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. தொட விடவில்லை. ஒன்றுக்குப் போனால் வரக்காப்பி நிறத்தில் வந்தது. டாக்டர் நடேசன் அந்தச் சீசாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தசை உடைந்து ரத்தத்தில் கலந்து வெளியே வருகிறது, சிறுநீரகம் அடைத்துவிட்டால் பிள்ளை போய்விடுவான் என்றார். இரண்டு கையிலும் சலைன் ஏற்றினோம். மணிக்கு எவ்வளவு சிறுநீர் வருகிறது என்று அளந்து எழுதினோம். நாலாவது நாள் நிறம் தெளிந்தது.

"என்ன செஞ்சான்?" என்று டாக்டர் கேட்டார். மலை ஏறி இறங்கினான் என்றேன். "கூட யாரு?" நான்தான் சார் என்றேன். பேனாவை மூடி மேசையில் வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். மறுபடி பேனாவைத் திறந்து, அளவுக்கு மீறிய நடை என்று மட்டும் எழுதினார். அண்ணன் விஷயத்தை எழுதாமல் விட்டது போலவே என் பெயரையும் விட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரத்தில் ஒரு நாள் வார்டில் மாமியார் எல்லோர் முன்னாலும் சொன்னார். "கடேசிப் படியில தூக்கிப்போட்டா. மொறை கெட்டுப்போச்சு. டாக்டரம்மாவே அன்னைக்குச் சொன்னாங்கல்ல, இவ கெடுத்துட்டான்னு." முத்துசாமி என்னைப் பார்த்தார். பழனியம்மாளும் பார்த்தாள். பையனின் கால் ஏன் இப்படி ஆனது என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் ஒரு பிள்ளையைத் தாய் தூக்கியதால் கால் போகாது என்று தெரியும். அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான் சலைன் பாட்டிலைச் சரிபார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

குமரேசன் அதற்குப் பிறகு எழுந்து நிற்கவே இல்லை. ஆவணி பிறப்பதற்குள் பழனியம்மாளையும் பையனையும் வாழப்பாடியில் அவள் அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். முத்துசாமிக்கு வேறு கல்யாணம் ஆயிற்று. அவளுடைய அண்ணன் விஷயம் அந்த வீட்டுக்குத் தெரியவே வராமல் எல்லாம் முடிந்தது.

அவள் மாதம் ஒரு முறை பஸ்ஸில் பையனைத் தூக்கிக்கொண்டு வருவாள். நான் குதிகாலை ஏந்தி இருபது எண்ணுவேன். பையன் வளர்ந்துகொண்டே வந்தான், அவள் இளைத்துக்கொண்டே போனாள். கம்பி பிடித்து நடக்கும் போலியோப் பிள்ளைகளிடம் அவன் சத்தமாகச் சொல்வான்: "நான் திருச்செங்கோட்டு மலையையே ஏறியிருக்கறனாக்கும். டாக்டரம்மாவைக் கேளு." கேட்பார்கள். ஆமாம், ஏறினான் என்பேன். அவன் வாழ்க்கையில் பெருமைப்பட அது ஒன்றுதான் இருந்தது, அதையும் கொடுத்தவள் நான்தான். பதினாலு வயதில் ஒரு சளிக் காய்ச்சலில் மூச்சுவிட முடியாமல் இறந்துபோனான். நான் துக்கத்துக்குப் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் டாக்டர் நடேசன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச மாதம்தான் இருந்தது அவருக்கு. மேசையில் வெளிநாட்டுப் பத்திரிகைகளிலிருந்து எடுத்த நகல்கள். "அந்த நோய்க்குக் காரணம் கிடைச்சிடுச்சு" என்றார். மூலையில் கிடந்த முக்காலியைக் காட்டி ஏறச் சொன்னார். ஏறினேன். "இப்போ தொடையில கை வச்சுக்கிட்டு மெதுவா இறங்குங்க."

இறங்கினேன். கைக்கடியில் தொடைத்தசை இறுகியது.

"இறங்கும்போது தசை வேலை செய்யலைன்னு நினைக்கிறோம். செய்யுது. ஏறும்போது சுருங்கிக்கிட்டே பாரம் தாங்குது. இறங்கும்போது நீண்டுகிட்டே தாங்குது. அதுதான் பெரிய இழுப்பு" என்றார். தசையின் ஒவ்வொரு உயிரணுவுக்கும் மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. உள்ளே இழுக்கிற நார்கள் இருக்கின்றன. அந்த நாரையும் தோலையும் கட்டி வைத்து, இழுப்பைப் பங்கிட்டு வாங்கிக்கொள்ள ஒரு புரதம் உண்டு. டிஸ்ட்ரோபின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கெல்லாம் இழுப்பு வந்தால் தசை அதை உணர்ந்து, இன்னும் கொஞ்சம் கட்டிக்கொள்ள வேண்டும் என்று புரிந்துகொள்கிறது. மூட்டை தூக்குகிறவர் பிடரி அப்படித்தான் தடிக்கிறது. இந்தப் பிள்ளைகளிடம் அந்தப் புரதமே இல்லை. அதே இழுப்பு வந்தால் தோல் கிழிகிறது. கிழிசல் வழியாக உள்ளே இருப்பது வெளியேறி அந்த உயிரணு சாகிறது. இதில் பாதி இன்னும் முழுசாக நிரூபணமாகவில்லை, ஆனால் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்றார்.

"ஏறினது சார்?" என்று கேட்டேன்.

"ஏறினதும் கெடுதல்தான். ஆனா அவ்வளவு இல்லை." நகல்களை அடுக்கினார். "அன்னைக்கு மேல கார் நின்னுச்சாமே. அவங்கப்பா சொன்னார்."

பத்து வருடமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் முக்காலியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆத்தூர் பஸ் ஏறி வாழப்பாடியில் இறங்கினேன். பழனியம்மாள் ஜவ்வரிசி மில்லில் கிழங்குத் தோல் சீவும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. நாற்காலி போட்டு உட்கார வைத்தாள்.  சுற்றி வளைக்காமல் சொன்னேன். நீ தூக்கினதால் கெடவில்லை. அன்றைக்கு நடந்த காரியங்களில் சரியான காரியம் அது ஒன்றுதான். கெட்டது, நான் காரில் அனுப்பாமல் இறக்கினது. மூன்று மாதம் மரப்படியில் இறக்கினதும் நான்தான்.

 "காரில போயிருந்தா?" என்றாள் அவள்.

பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. "இந்த நோய் எப்படியும் காலை எடுத்திருக்கும். ஆனா ரெண்டு வருசம் கூட நடந்திருப்பான்."

"ரெண்டு வருசம்" என்றாள். "அஞ்சாங்கிளாசு வரைக்கும் நடந்தே போயிருப்பான்." இதைக் கணக்குப் போடுகிற மாதிரிதான் சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் நான் முடிக்கிற வரை காத்திருந்தாள்.

"எங்க மாமியா சொன்னதை நான் ஒரு நாளும் நம்பல டாக்டரம்மா. அது அப்படித்தான் எதையாச்சும் சொல்லும். நீங்க சொன்னீங்களே, கெடுத்துட்டியேன்னு. அதைத்தான் நம்பினேன். படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு. அவனைத் தூக்கும்போதெல்லாம் கை கூசும். அப்புறம் எத்தனை வருசம் தூக்கினேன்."

மன்னித்துவிடு என்று சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருப்பேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. வெளியே வந்து பஸ் நிற்கும் இடம் வரை கூடவே நடந்தாள். பஸ் வந்தபோது சொன்னாள்: "என்கிட்ட சொல்லிட்டீங்க. அங்கயும் போய்ச் சொல்லிடுங்க. அந்த வீட்ல இன்னமும் ரெண்டாந்தாரத்துப் பிள்ளைகிட்ட, உங்க பெரியம்மா பண்ணினது இதுன்னுதான் சொல்றாங்களாம். நான் திரும்பிப் போறதுக்காகக் கேக்கல. நீங்க சொன்னா நம்புவாங்க."

போய்ச் சொல்கிறேன் என்றேன். கையில் அடித்துச் சொன்னேன்.

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு அன்றைக்கு நிமிஷத்துக்கொரு பஸ் இருந்தது. அடுத்த ஞாயிறு என்று நினைத்தேன். அப்புறம் டாக்டர் நடேசனின் பிரிவு உபசாரம் வந்தது. என் மகளுக்கு வரன் வந்தது. மாமியார் காலமாகிவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். இனி யாரிடம் சொல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், முத்துசாமி இருந்தார் என்று தெரிந்தும். அந்த வீட்டு வாசலில் நின்று, டாக்டரம்மா என்று கூப்பிட்டு நாற்காலி போடுகிறவர்களிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நான் போகவே இல்லை.